குவைத்துக்கு ஐந்து மணி நேரம்தான்

விமான டிக்கெட் போடும் தொழிலில் டிக்கெட்டை விட அதிகமாக நாங்கள் கொடுப்பது பதில்கள்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். பதினோரு வருஷமாக வடமாலபேட்டையில் பஸ் ஏறி வந்து அந்த கவுன்ட்டரில் உட்கார்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எவ்ளோ தூரம், எத்தினி மணி நேரம்?" பேங்கிலோ ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரி டோக்கன் ஜன்னலிலோ உட்கார்ந்து, ஒரே கேள்விக்கு நாள் முழுக்க பதில் சொல்லித் தொண்டை காய்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கேள்வி பழகிவிட்டால் காது மூடிக்கொள்கிறது, வாய் மட்டும் வேலை செய்கிறது.

அப்படி என் வாய் மட்டும் வேலை செய்த ஒரு நாளில் நான் சொன்ன பதில், நாலு வருஷம் பிரிந்திருந்த ஒரு தாயை அவள் மகளின் நல்ல காரியத்துக்கு வந்து சேராமல் செய்யப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த மணிக்கணக்கு எங்கள் ஜனங்களை எப்படியெல்லாம் படுத்துகிறது என்று தெரிந்தால்தான் அது விளங்கும்.

ஏற்ற ரோடு, இறக்க ரோடு

குடுபல்லிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து டீக்கடை வைத்திருக்கிறவர் ஒருவர், குவைத்தில் டிரைவராக இருக்கும் தம்பியைப் பார்க்கப் போக டிக்கெட் எடுத்தார். அரை மணி நேரம் கழித்து அதே காகிதத்தோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை. போகும்போது காலை பத்தரைக்கு கிளம்பி ஒரு மணிக்கு இறங்குகிறது, அதாவது இரண்டரை மணி நேரம். வரும்போது மதியம் இரண்டுக்கு கிளம்பி ராத்திரி ஒன்பதே காலுக்கு இறங்குகிறது, அதாவது ஏழேகால் மணி நேரம். விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

இரண்டும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் என்றேன். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரத்தில் இருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரத்தில் இருக்கும், குவைத்து நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் ஒரு ரகசியத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது மாதிரி கேட்டார்: "நம்ப திருமல கொண்டைக்கு ஏற ஒரு ரோடு, எறங்க ஒரு ரோடுன்னு வச்சிகீறாங்க இல்ல, பிளேனுக்கும் அதே மாதிரி தானேம்மா?"

கன்னியம்மாவின் கடிகாரம்

கன்னியம்மாவை எனக்கு அவள் முதல்முறை போனபோதே தெரியும். வரதய்யபாளையத்துக்காரி. புருஷன் முனிரத்தினம் திருப்பதியில் சென்ட்ரிங் வேலை செய்கிறவர், வாரம் ஒருமுறைதான் ஊருக்குப் போவார். இருந்த கூரை ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது, சுவர் எழுப்ப வேண்டும் என்று அவள் குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். பிளேன் வியாழக்கிழமை, ஆனால் பஞ்சாங்கப்படி கிளம்ப நல்ல நேரம் புதன்கிழமை காலையில். இப்படி வந்தால் எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் வீட்டை விட்டு வெளியே அனுப்பி வேறோர் இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தப் பை புதன்கிழமை எங்கள் ஆபீஸில்தான் இருந்தது.

மறுநாள் அவள் வந்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி, அந்த ஊர் நேரம் வைத்துக் கொடுக்கச் சொன்னாள். முள்ளை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பினேன். கூட வந்திருந்த மகள் பவித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது. கவுன்ட்டரில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம மணியில் ரெண்டரையைக் கழி, அம்மா மணி வந்துவிடும்" என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சும்மா அழாமல் இருக்கட்டும் என்றுதான். அவள் அழவில்லை. வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப நான் ஸ்கூல் வுட்டு வர்றப்ப எங்கம்மாவுக்கு இன்னும் மத்தியானம் தான்."

எந்த ஊர் ராகு காலம்?

ஏகாம்பரம் எங்கள் வடமாலபேட்டைக் கொத்தனார், குவைத்து வேலைக்கு டிக்கெட் கேட்டு வந்தார். நல்ல நேரம் பார்க்காமல் செங்கல்லைத் தொடமாட்டார். மேற்கே சூலம் என்று வெள்ளியும் ஞாயிறும் வேண்டாம் என்றார். சென்னைக்குப் போக முதலில் கிழக்கே போக வேண்டுமாம், அதனால் திங்களும் சனியும் வேண்டாம் என்றார். கடைசியில் வியாழக்கிழமை பதினோரு மணி விமானம் கிடைத்தது. வியாழன் ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று, அதற்குள் மேலே போய்விடலாம் என்று இருவருக்கும் சந்தோஷம்.

டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் பார்த்தார். அந்த ஊர்க் கடிகாரப்படி அது இறங்குவது சரியாக ஒன்றரைக்கு. முதன்முதலாக அந்நிய மண்ணில் கால் வைப்பது ராகு காலத்தில். நம் ஊரில் அப்போது நாலு மணி, ராகு காலம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றேன். ராகு எந்த ஊர் மணியைப் பார்த்து வருவார் என்று கேட்டார். பதினோரு வருஷ சர்வீஸில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. எங்கள் ஓனர் பாஸ்கர் கூட கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிர்ந்து, "நாக்கு தெலீது அண்ணா" என்று தெலுங்கில், தனக்கும் தெரியாதென்று கை விரித்துவிட்டார். ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். எழுந்து போகும்போது தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார்: "நான் எத கையில கட்டிகினு கீறனோ அதான் எனக்கு டைமு. எறங்கி வெளிய வந்து குந்திகினு அப்பறமா திருப்பிக்கறேன்."

தூரம்

கன்னியம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. சுவர் எழும்பியது, மேலே ஓட்டுக்குப் பதில் தளம் போட ஆசை வந்தது, ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டாள். ஒருமுறை கூட ஊருக்கு வரவில்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை முனிரத்தினம் சிமென்ட் சட்டையோடு கவுன்ட்டருக்கு வந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வேறு, பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டு வேறு. அவர் கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து, "யக்கா, தூரம்..." என்றார்.

"குவைத்துக்குத்தானே அண்ணா? சென்னையிலிருந்து மூவாயிரத்து எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர். அஞ்சு மணி நேரம்" என்றேன், தலையைக் கூடத் தூக்காமல். "அஞ்சு மணி நேரம்" என்று அவரும் ஒருமுறை சொன்னார். பக்கத்தில் நின்ற ஆம்பிளைகளைப் பார்த்தார். சட்டைச் சிமென்டைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் தங்கை வள்ளி போன் செய்தாள். அண்ணன் ஊரில் இல்லாத நாளெல்லாம் பவித்ராவை வளர்க்கிறவள் அவள்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒதுங்கியிருப்பதைத் தூரம் என்பார்கள். பெற்ற மகள் வயதுக்கு வந்த சேதியை ஒரு தகப்பன் வேற்றுப் பெண்பிள்ளையிடம் வேறெப்படிச் சொல்வான்? கன்னியம்மாவுக்கு டிக்கெட் கேட்க, அந்த ஒரு வார்த்தைக்குள் அவ்வளவையும் மூடிக்கொண்டு வந்திருந்தார். நானும் அதே ஊர்த் தண்ணீர் குடித்தவள்தான், எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வள்ளி கோபப்படவில்லை, அதுதான் உறைத்தது: "எங்க பவித்ரா ஆளாயி அஞ்சு நாளாச்சிம்மா. எங்கண்ணன் வந்து தூரம்னு சொன்னா நீ கிலோமீட்டர் சொல்லி அனுப்பிகீற."

பத்திரிகை

அதன் பிறகு நான் விழுந்தடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக முடிவாகியிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. கன்னியம்மா வேலை செய்யும் வீட்டில் சனிக்கிழமை வரை விருந்தாளிகள், ஞாயிறு காலைதான் அனுப்ப முடியும் என்றார்கள். ஞாயிறு ஒன்பதரை விமானத்தில் ஒரு இடம் பிடித்து, டிக்கெட்டை அவள் போனுக்கு அனுப்பினேன். முனிரத்தினத்துக்கும் போன் போட்டு, "காலைல ஒன்பதரைக்கு பிளேன்ணா" என்று சொன்னேன். பெரிய பாவத்தைக் கழுவிவிட்ட நிம்மதி எனக்கு.

வியாழக்கிழமை அவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகை கொண்டுவந்து வைத்தார். மாலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள் என்று அச்சாகியிருந்தது. ஆறு வரை ஞாயிற்றுக்கிழமை ராகு காலம், ஏழரைக்கு மேல் வேளை இல்லை என்று பஞ்சாங்கம் பார்க்கும் பந்துலு குறித்துக் கொடுத்தாராம். "ஒன்பதரையும் அஞ்சும் ரெண்டரை. ரெண்டரைக்கு எறங்குனா அஞ்சரைக்குள்ள ஊட்டுக்கு வந்துடும்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். அந்த ஐந்து நான் கொடுத்த ஐந்து. குவைத்தின் ஒன்பதரை நமக்குப் பன்னிரண்டு. விமானம் சென்னையில் இறங்குவது மாலை நாலே முக்காலுக்கு. பெட்டி வந்து, வெளியே வந்து, செங்குன்றம் நெரிசலைத் தாண்டி வரதய்யபாளையம் போய்ச் சேர என்ன நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவர் சிரிப்பைக் கெடுக்காமல் தட்டை வாங்கிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

அன்று முழுக்க வேறு விமானம் தேடினேன், இடம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சடங்கு நாளை மாற்ற முடியாது. பன்னிரண்டாம் நாள் இரட்டைப்படை, பதின்மூன்று செவ்வாய்க்கிழமை, அதற்குள் பத்திரிகையும் ஊரெல்லாம் போய்விட்டது. எதிர்முனையில் கலவை மிஷின் சத்தத்துக்கு மேல் முனிரத்தினம் சொன்னார்: "ஏழரை வரைக்கும் டைம் கீதுக்கா, வண்டிய கொஞ்சம் வேகமா வுட சொல்றேன். நீ இன்னாத்துக்கு அழுவுற, நீ சொன்னது ஒண்ணும் பொய் இல்லியே."

ஆறுக்கு மேல்

ஞாயிற்றுக்கிழமை நான் வரதய்யபாளையம் போனேன். போகாமல் வீட்டில் உட்கார முடியவில்லை. தாய்மாமன் கட்டிய பச்சை ஓலைக் குடிசைக்குள் பவித்ரா இருந்தாள். பதின்மூன்று வயது, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் பந்தல், மஞ்சள் தண்ணீர்க் குடம், வரிசைத் தட்டுகள். எல்லோர் கண்ணும் ரோட்டின் மேல். ஆறரைக்கு டிரைவர் போன் செய்தபோது வண்டி இன்னும் சென்னைக்குள்ளேயே இருந்தது.

ஏழே காலுக்கு வள்ளி சொம்பை எடுத்துக்கொண்டு குடிசை வாசலுக்குப் போனாள். வேளை தாண்டுகிறது, நாங்கள் நாலு பேர் ஊற்றிவிடுகிறோம், அம்மா வந்து அட்சதை போடட்டும் என்றாள். உள்ளிருந்து, "அம்மா வரட்டும் அத்த" என்று மட்டும் பதில் வந்தது. கெஞ்சினாள், அதட்டினாள். அதே பதில். ஏழரை ஆனது. பந்துலு எழுந்து, இனி ஊற்றினால் தன்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். முனிரத்தினம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டு இருபதுக்கு வண்டி வந்தது. கன்னியம்மா கருப்பு அங்கியும் தோள் பையுமாக இறங்கினாள். இளைத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. தண்ணீர் ஊற்றாத குடத்தைப் பார்த்தாள், வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேள போயிடுச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அந்த நிமிஷத்தில் என்னைப் பூமி விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அப்போது குடிசைக்குள்ளிருந்து பவித்ரா கேட்டாள்.

"யம்மா, உன் வாட்ச்சுல மணி இன்னா?"

கன்னியம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள். "அஞ்சு அம்பது."

"அப்ப இன்னும் ராகு காலம் கீது. பத்து நிமிஷம் குந்து. ஆறுக்கு மேல ஊத்தலாம்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். வள்ளி, "அது அந்த ஊரு டைம்டி" என்றாள். பவித்ரா குரலை உயர்த்தவில்லை. "நாலு வருஷமா எங்கம்மா அந்த டைம்ல தான் என்கிட்ட பேசிகினு கீது. நானும் அத கழிச்சிகினு தான் துன்றேன், தூங்குறேன். இந்த யக்கா தான் கழிக்க சொல்லிக் குடுத்தாங்க. நைனா என்னெ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அவள். பத்திரிகை அச்சடித்தபோது அவளை யாரும் கேட்கவில்லை, குடிசையில் உட்கார வைத்திருந்தோம். எனக்கு ஏகாம்பரம் மணிக்கட்டைத் தட்டியது ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் முனிரத்தினம் பந்தல் காலை விட்டு வந்து, மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மனைவிக்கு முன்னால் வைத்தார். வள்ளி கையிலிருந்த சொம்பை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவளும் உட்கார்ந்துகொண்டாள். நாற்பது ஐம்பது பேர், பரஸ்தானம் வைத்துப் பழகிய ஜனங்கள், ஒரு பெண்ணின் கைக்கடிகாரத்தைச் சுற்றிப் பத்து நிமிஷம் சத்தமில்லாமல் காத்திருந்தோம்.

ஆறு ஆனதும் கன்னியம்மா கடிகாரத்தைக் கழற்றி, தண்ணீர் படாமல் இருக்க என் கையில் கொடுத்தாள். மகளைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்து மணையில் உட்கார வைத்து, முதல் சொம்பை ஊற்றினாள். இருவரும் அழுதார்கள், தண்ணீரில் அது தெரியவில்லை. நானும் அழுதேன், என் மேல் தண்ணீர் இல்லாததால் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லாம் முடிந்து ஈரப் புடவையோடு அவள் என்னிடம் வந்தபோது, நம்ம ஊர் நேரத்துக்குத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் கடிகாரத்தை வாங்கித் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள்.

"வாணாங்கா. வர்ற வியாழக்கெழம போவணும். அப்பறம் மறுபடியும் திருப்பணும்."

இப்போதெல்லாம் யாராவது கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து எத்தனை மணி நேரம் என்று கேட்டால், யார் கையில் கட்டியிருக்கிற மணியில் என்று கேட்டுவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.